இழந்த நாணயத்தை மீட்கலாம்

(பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் மாணவியர்)

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாத நேர்மை. காசு தொலைந்தால் மீண்டும் சம்பாதிக்கலாம். கெட்ட பெயரை மாற்றுவது அரிது என்பர். ஆயினும், கடன் உலகில் கெட்ட பெயரையும் மீட்க வழி உண்டு. அதனை எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கு விளக்குகிறோம்.

எங்களுள் ஒருத்தியின் அத்தை தையல் தொழில் செய்பவர். உறவினர் ஒருவரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். உறவினரோ பாதியில் தவணையை நிறுத்திவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் புதிய தையல் இயந்திரத்திற்காகக் கடன் கேட்டபோது, "உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறதே!" என்றார் அதிகாரி. அத்தை தலைகுனிந்து வீடு திரும்பினார். தமக்கென ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவருக்கு ஏன் இந்த நிலை?

மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருக்கும். யார் சொன்ன நாளில் கொடுத்தார், யார் இழுத்தடித்தார் என்பது அதில் தெரியும். நாடு முழுவதற்கும் அத்தகைய நோட்டை வைத்திருப்பவையே கடன் தகவல் நிறுவனங்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய சிபில் அவற்றுள் மூத்தது. இவற்றிற்கென 2005-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான கருத்து. ஜாமீன் போட்ட கடனும் நம் பெயரில்தான் பதிவாகும்!

மதிப்பெண் குறைந்தவருக்கு யாரும் கடன் தருவதில்லை. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டினாலன்றி மதிப்பெண் உயர்வதுமில்லை. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதே வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கடன் அட்டை. உதாரணமாக, ரூ. 20,000-ஐ வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால், அதில் எண்பது விழுக்காடாகிய ரூ. 16,000 வரை செலவிட ஓர் அட்டை தருவார்கள். இந்த விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். வைப்புத்தொகைக்கு வட்டி தொடர்ந்து வரும். ஆனால் அட்டை உள்ளவரை அப்பணத்தை எடுக்க இயலாது. கட்டத் தவறினால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கெட்ட பெயரும் பதிவாகும்.

அட்டையைப் பயன்படுத்துவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவிடுக. எப்படியும் வாங்கவிருக்கும் அரிசி, பருப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நலம்.

2. கெடு நாளுக்கு முன் முழுத் தொகையையும் கட்டுக. 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்னும் வரியே படுகுழி. பாக்கி ரூ. 10,000, வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்று கொள்வோம். ரூ. 500 கட்டினால் ரூ. 350 வட்டிக்கே போய்விடும். வட்டியின் மேல் வரி வேறு.

3. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுக்காதீர். அன்றே கட்டணமும் வட்டியும் ஏறத் தொடங்கும்.

4. பழைய கடனைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால், அதுவும் குறையாகவே பதிவில் நிற்கும். இயன்றவரை முழுவதும் அடைப்பதே சிறப்பு.

5. ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை நம் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பிழையிருப்பின் புகார் செய்க. முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023-இல் இட்ட ஆணை.

அத்தையின் கதைக்கு வருவோம். குடும்பத்தார் கூடி உறவினரின் பாக்கியை முழுவதும் அடைத்து, கடன் முடிந்ததற்குச் சான்றும் பெற்றனர். அத்தை தம் சீட்டுப் பணத்தை வைப்பாகப் போட்டு அட்டை வாங்கினார். ஓராண்டாக ஒரு நாளும் தவறாமல் கட்டி வருகிறார். புதிய இயந்திரம் இன்னும் வீட்டிற்கு வரவில்லை. ஆனால் மதிப்பெண் மெல்ல ஏறி வருகிறது. சிறு துளி பெருவெள்ளம் அன்றோ!

தோழியரே, நாளை நாமும் சம்பாதிப்போம். பல தாள்களில் கையெழுத்திடுவோம். யாருக்காக, எதற்காக என்று படித்தறிந்த பின்னரே பேனாவை எடுப்போம். நம் கையெழுத்தும் நம் நாணயமே.