மூளை அறுவை சிகிச்சை: அன்றும் இன்றும்

மாண்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அந்தப் பணியில் இறங்கினார். அன்று அவர்களுக்குக் கிடைத்த எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது.

எனவே கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முதுகில் ஊசி குத்தி, மூளை தண்டுவட நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். மூளைக்குள் இருக்கும் அறைகள் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கின்றன, எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்துக் கட்டியின் இடத்தை ஊகிப்பார்கள். நோயாளி கடுமையான தலைவலியாலும் வாந்தியாலும் துடித்துப்போவார். விபத்தில் அடிபட்டு நினைவிழந்தவருக்கோ அதற்கும் அவகாசம் இல்லை. எந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் மண்டையோட்டில் துளையிட்டு ரத்தக்கட்டைத் தேடுவார்கள். அங்கே இல்லையென்றால் இன்னொரு துளை.

1971 அக்டோபர் 1 அன்று இந்த நிலை மாறத் தொடங்கியது. விம்பிள்டனில் இருந்த ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. கத்தி வைக்கும் முன்பே கட்டி கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ரத்தக்கட்டு எங்கே, எவ்வளவு பெரிது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. நுண்ணிய கட்டிகளையும் காட்டுகிறது. நுண்ணோக்கி, மயிரிழை போன்ற ரத்தக்குழாயையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. மூளையில் ரத்தக்குழாய் வீங்கிய பலருக்கு மண்டையோட்டைத் திறக்காமலே, தொடை வழியாக நுண்குழாயைச் செலுத்தி அந்த வீக்கத்தைப் பிளாட்டினச் சுருளால் அடைத்துவிடுகிறார்கள்.

மாறாதது ஒன்று உண்டு. கசியும் ரத்தம் அன்றும் காத்திருக்கவில்லை, இன்றும் காத்திருப்பதில்லை. தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் நினைவிழப்பதும் உண்டு. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், அசாதாரணத் தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று படுக்கவைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். முன்னோடிகளுக்குக் கிடைக்காத கருவிகள் இன்று நம் ஊரிலேயே இருக்கின்றன. நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் அவற்றால் பயன்.