சுராங்கனிக்குத் தோள் ஏன் ஆடுகிறது?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது ‘சுராங்கனி’ என்று சொல்லிப் பாருங்கள். பாட்டு வாய்க்கு வருவதற்கு முன்பே தோள் அசைந்துவிடும். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் சிங்களப் பாட்டு அது. சிலோன் மனோகர் என்று நாம் அழைக்கும் ஏ. இ. மனோகரன் அதைத் தமிழாக்கிப் பாடி, தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார். அந்தப் பாட்டு ஓடும் தாளத்துக்குப் பைலா என்று பெயர். டிவி நடனப் போட்டிகளில் நாம் பார்க்கும் சால்சாவுக்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. டீ வரட்டும், பேசுவோம்.

பைலாவைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “அது வேகமான பாட்டு சார், அதனால் ஆட்டம் வருகிறது.” சால்சாவைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாக இருந்தாலும் இது சரியில்லை. வேகம்தான் காரணம் என்றால், பைலாவைப் பாதி வேகத்தில் வாசித்தால் ஆட்டம் போய்விட வேண்டும். போவதில்லை. இதை நாமே மேசைமேல் தட்டிப் பார்த்துவிடலாம்.

ஒன்று முதல் ஆறு வரை ஒரே சீராக, மெதுவாக எண்ணுங்கள். நின்றுவிடாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இடது கையால் ஒன்றிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். இது வந்ததும் இடது கையை நிறுத்திவிட்டு, வலது கையால் ஒன்று, மூன்று, ஐந்தில் தட்டுங்கள். இதுவும் எளிதுதான். இப்போது இரண்டு கையையும் சேருங்கள். ஒன்றில் இரண்டு கையும் சேர்ந்து விழும். இரண்டில் ஒன்றும் இல்லை. பிறகு வலது, இடது, வலது என்று மூன்று தட்டு வரும். ஆறில் மறுபடி ஒன்றும் இல்லை. முதலில் கை குழம்பும், பரவாயில்லை. நாலைந்து சுற்றில் பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் உடம்பைக் கவனியுங்கள். எண்ணிக்கை ஆமை வேகத்தில்தான் போகிறது, ஆனால் தோள் ஆடத் தொடங்கியிருக்கும்.

என்ன நடந்தது? கடற்கரையில் மீனைக் கூறு வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறோம். ஆறு மீன் இருந்தால் மும்மூன்றாக இரண்டு கூறு வைக்கலாம், இரண்டிரண்டாக மூன்று கூறும் வைக்கலாம். மீன் அதே ஆறுதான். பைலா இந்த ஆறு எண்ணிக்கையை ஒரே நேரத்தில் இரண்டு விதமாகவும் கூறு வைக்கிறது. ஒரு வாத்தியம் இரண்டு கூறு என்கிறது, இன்னொன்று மூன்று கூறு என்கிறது. இரண்டும் ஒன்றில் மட்டும் சந்தித்துவிட்டு உடனே பிரிகின்றன. கால் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது, இடுப்பும் தோளும் மற்றதற்குப் பதில் சொல்கின்றன. உடம்பு இரண்டு பக்கமும் இழுபடுவதைத்தான் ஆட்டம் என்கிறோம். வேகம் அந்த இழுப்பைக் கூட்டும், அவ்வளவுதான். இழுப்பு இல்லாத பாட்டை எவ்வளவு விரட்டினாலும் கேட்பவருக்கு மூச்சுதான் வாங்கும்.

சால்சாவில் கணக்கு வேறு, வேலை இதே. அதன் முதுகெலும்பு கிளாவே என்ற தாளக்கட்டு. இரண்டு சிறு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகள். அந்த ஐந்தும் பதினாறு சிறு எண்ணிக்கைகளுக்குள் சமமில்லாமல் பரவிக் கிடக்கும். நம் சொற்கட்டில் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மிருதங்கம் படிக்கும் பிள்ளைக்கு இது முதல் வருடப் பாடம்தான். ஆடுபவரோ எட்டு வரை எண்ணி ஆடுகிறார்: ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைக்கிறார், நான்கில் நிற்கிறார், ஐந்து, ஆறு, ஏழில் அடி வைக்கிறார், எட்டில் நிற்கிறார். புதிதாகப் படிப்பவர்கள் அடிகளை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த இரண்டு நிறுத்தங்களைப் பழகுவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் நிற்கும்போதும் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு ஆட்டங்கள் எப்படி ஒத்துப்போயின? கியூபாவுக்கு ஸ்பானியர் கிதாரோடு போனார்கள். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இழுத்துப் போனார்கள். கிதாரும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்து சோன் என்ற இசை பிறந்தது. அது நியூயார்க் போய், வேறு சிலவும் சேர்ந்து, 1970களில் சால்சா என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஹவானாவில் பிறந்து பிறகு நியூயார்க் வட்டாரத்துக்கு வந்துவிட்ட செலியா குரூஸின் குரலில் அந்தப் பாதை முழுவதும் கேட்கும்.

இலங்கைக்கு 1505-ல் போர்த்துகீசியர் வந்தார்கள். அவர்களும் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள், அடிமைகளாகவும் படைவீரர்களாகவும். அந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த சிறு சமூகம் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கிறது. அவர்களுடைய பாட்டுக்கு மாஞ்சா என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் புட்டி என்று வீட்டில் கிடைப்பதெல்லாம் அதில் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். நாம் மேசையில் செய்துபார்த்ததும் அதுதான்: முதலில் இழுப்பு வந்தது, வேகம் பின்னால் வருகிறது. மட்டக்களப்பில் போர்த்துகீசிய வழிவந்த பரங்கியர் இருக்கிறார்கள். அன்றாடம் தமிழ் பேசுபவர்கள். கல்யாணத்தில் வயலின் வாசித்து, ஜோடி ஜோடியாகக் கஃப்ரிஞ்ஞா ஆடுவது அவர்கள் வழக்கம். இந்த ஊற்றுகளிலிருந்து எடுத்து, 1940களில் பைலாவை மேடைப் பாட்டாக்கியவர் வாலி பஸ்தியன். காவல்துறையில் வேலை பார்த்தவர். இருவர் எதிரெதிரே நின்று அங்கேயே அடி கட்டிப் பாடி மோதும் வாத பைலாவும் அவரால் பரவியது. நம் லாவணிக் கச்சேரியைக் கேட்டவர்களுக்கு அதன் சுவை தெரியும்.

நம் கரைக்கு இது வந்த வழியைச் சொல்லவே வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து போட் மெயில் ரயிலிலும் அதோடு இணைந்த கப்பலிலும் ஆளும் சரக்கும் போய்வந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்கள் அந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள். அவர்களில் பலருக்கு அது ஊர் திரும்புவதல்ல, பிறந்த ஊரை விட்டு வருவது. பாட்டு வர அந்தக் கப்பலும் தேவைப்படவில்லை. இங்கே இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் குரல்கள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த குரல்கள்.

அந்த நாட்களில் ஈழத்தில் தமிழ்ப் பொப் இசை என்று ஓர் அலையே எழுந்தது. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் அதில் முன்னோடி. மனோகரனுக்குப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்றே பட்டம். பிறகு சென்னைக்கு வந்து படங்களில் நடித்தார், 2018-ல் காலமானார். 1977-ல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவும் சுராங்கனியைப் பயன்படுத்தினார்.

இவ்வளவு எளிதாக அது நமக்கு ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் நம் காதிலேயே இருந்தது. கும்மியிலும் தெம்மாங்கிலும் மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடை நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பைலா கூறு வைக்கும் இரண்டு விதங்களில் ஒன்று ஏற்கெனவே நம்முடையது. புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது மற்றது மட்டும்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் ‘சின்ன மாமியே’வைப் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை அடியில் ஒலிக்கும் கனமான ஒலியை மட்டும் பின்தொடருங்கள், கால் தானாகத் தட்டும். இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டு மேலே துள்ளும் ஒலிகளைப் பிடியுங்கள். மூன்றாம் தடவை எழுந்து நின்று கேளுங்கள். காலைக் கீழே உள்ளதற்குக் கொடுங்கள், கையை மேலே உள்ளதற்குக் கொடுங்கள்.