முதல் இரவுக்குப் போர்வை... ஏழு வருடத்துக்கு? - சென்னிமலையிலிருந்து கஜா புயலைத் திரும்பிப் பார்த்தால்!

சென்னிமலைக்குக் கடல் கிடையாது. முருகன் கோயிலின் 1,320 படிகளையும் ஏறி நின்று பார்த்தாலும் தெரிவது கொங்கு மண்ணின் தோட்டங்களும் ஊர்களும்தான். ஆனாலும் வங்கக்கடலில் புயல் உருவாகும்போதெல்லாம் இந்த ஊருக்கும் அதில் ஒரு சம்பந்தம் உண்டு. நிவாரணப் பொருள்களின் பட்டியல் எதை எடுத்தாலும் அரிசி, பால் பவுடர், மெழுகுவத்தி வரிசையில் போர்வையும் இருக்கும். போர்வை, பெட்ஷீட் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சென்னிமலை கைத்தறிதானே?

இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. ஈரோட்டைத் தாண்டிப் போகும் காவிரி, கல்லணையில் பிரிந்து, கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை பாய்கிறது. அங்கே விளையும் தேங்காய் திரும்பவும் நம் பக்கம்தான் வருகிறது. சென்னிமலைக்குப் பக்கத்திலிருக்கும் காங்கேயம்தான் கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெரிய மையம்.

அந்தத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது கஜா புயல்.

அந்த இரவு

2018 நவம்பர் 16, அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. இலங்கை சூட்டிய பெயர் அது. 'கஜா' என்றால் யானை. யானை புகுந்த தோட்டம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு விடிந்ததும் டெல்டா மக்கள் பார்த்தார்கள்.

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள்தான் அதிகம் அடிவாங்கின. வேதாரண்யத்தின் உப்பளங்களில் கடல் சேறு புகுந்தது. கோடியக்கரை சரணாலயத்தில் மரங்கள் முறிந்தன, மான்கள் செத்துக் கிடந்தன. மீனவர்களின் படகுகள் உடைந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் குடிதண்ணீர் கிடையாது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டிலும் தாகத்திலும் கிடந்தன.

கடலோரத்தோடும் அது நிற்கவில்லை. வலுக்குறைந்தபடியே திண்டுக்கல் வரை வந்து, கேரளத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போனது. வழியில் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை.

மரத்தை எங்கே கூட்டிப்போவது?

ஒன்றை நாம் பாராட்டித்தான் ஆக வேண்டும். கஜா வருவதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருந்தது அரசு. அப்படியிருந்தும் 45 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஆனால், 1977 நவம்பரில் இதே நாகப்பட்டினம் கரையைத் தாக்கிய புயலில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்துப் பார்த்தால், முன்னெச்சரிக்கையின் அருமை புரியும்.

மனிதர்களை முகாமுக்கு மாற்றலாம். ஆடு மாட்டைக்கூட அவிழ்த்து ஓட்டிப் போகலாம். தென்னை மரத்தை எங்கே கூட்டிப்போவது? லட்சக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன, நடுவில் முறிந்தன. தாத்தா நட்டு, அப்பா தண்ணீர் பாய்ச்சி, பேரன் காய் வெட்டிக்கொண்டிருந்த தோப்புகள் அவை.

சாய்ந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மொத்தம் ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது தமிழக அரசு. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியலாம். ஆனால், நன்றாகப் பராமரித்த ஒரு நெட்டை ரகத் தென்னை வருடத்துக்கு 80 காய்க்குக் குறையாமல் கொடுக்கும். 60 வருடம் வரை பலன் தரும். 25 வயதில் சாய்ந்த மரத்தோடு சேர்ந்து சாய்ந்தது இன்னும் 35 வருட வருமானம்.

சரி, புதுக் கன்று நட்டால்? நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். 2019-ல் நட்ட கன்று, எல்லாம் சரியாக நடந்தால் 2025, 2026-ல்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்தது? பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் ஏழு வருடம் காத்திருக்குமா? தோப்பு இல்லையென்றால் மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கயிறு திரிக்கிறவர், லோடு ஏற்றுகிறவர் என அத்தனை பேருக்கும் வேலை இல்லை. அவர்களிடம் காட்டி நிவாரணம் கேட்க ஒரு மரம்கூடக் கிடையாது.

அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து டிசம்பர் 31-ம் தேதி ஒப்புதல் கிடைத்தது 1,146.12 கோடிக்கு. இடைவெளி எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நமக்கும் தெரிந்த வலி

கொங்கு விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த வருடங்களில் கண்ணெதிரே கருகிய தென்னைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈயும் வாடல் நோயும் தோப்பைத் தின்பதை இப்போதும் பார்க்கிறார்கள். நெசவாளர்களுக்கும் இது புரியும். அவர்களுக்குத் தறிதான் தோப்பு. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

அடுத்த புயலுக்கு நாம் என்ன செய்யலாம்?

* பழைய துணியை மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். 2004 சுனாமியில் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், யாரும் உடுத்த முடியாத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டை இழந்தவர் மானத்தை இழந்தவர் அல்ல.

* போர்வை அனுப்புவதென்றால் புதிதாக அனுப்புங்கள். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்கினால், கடலோரத்தில் ஒருவருக்குக் குளிர் அடங்கும். நெசவாளர் ஒருவருக்கும் கூலி கிடைக்கும்.

* உதவியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதியை உடனே அனுப்புங்கள். மீதியை மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள். முதல் வாரம் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், மூன்றாவது மாதம் ஒருவரும் வர மாட்டார்கள். கன்றுக்கும், ஊடுபயிர் விதைக்கும், படகின் மராமத்துக்கும் பணம் தேவைப்படுவது அப்போதுதான்.

* உங்களுக்கே தோப்பு இருக்கிறதா? தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் பற்றி உங்கள் பகுதி வேளாண்மை அலுவலகத்தில் விசாரியுங்கள். பிரீமியத்தில் பாதியை வாரியமும், கால் பங்கை மாநில அரசும் ஏற்கும் திட்டம் இது. மீதிக் கால் பங்கைத்தான் விவசாயி கட்ட வேண்டும்.

புயலின் செய்தி நமக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. டி.வி-யில் அடுத்த பிரேக்கிங் நியூஸ் வந்துவிடும். ஆனால், சாய்ந்த ஒவ்வொரு தென்னைக்கும் பின்னால் ஏழு வருடக் காத்திருப்பு இருக்கிறது. சென்னிமலைப் போர்வை முதல் இரவின் குளிரைப் போக்கும். மிச்சமுள்ள இரவுகளுக்கு, அந்த மக்களை மறக்காத மனிதர்கள்தான் வேண்டும்.