குழந்தையோடு ஓட ஒரு வண்டி: வட சென்னையில் எதைப் பார்த்து வாங்குவது?

“பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு ஓடப் போறது?” பிரசவத்துக்கு முன்னால் தினமும் ஓடிக்கொண்டிருந்த பெண்கள், ஷிப்ட் முடிந்து வந்து ஓட நேரம் தேடும் அப்பாக்கள் என்று பலரிடம் இருக்கும் கேள்வி இது. இதற்குப் பதிலாகத்தான் ‘ஜாகிங் ஸ்ட்ரோலர்’ என்ற மூன்று சக்கரத் தள்ளுவண்டியை ஆன்லைன் கடைகள் காட்டுகின்றன. குழந்தையை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தள்ளிக்கொண்டே ஓடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் ‘எந்த வண்டி?’ என்று தேடுவதற்கு முன்னால் ‘எந்த ரோடு?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

சாதாரண ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஓடினால் என்ன?

கூடாது. கடைகளில் அதிகம் கிடைக்கும் மடக்கு ஸ்ட்ரோலர், 1965-ல் இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் உருவாக்கிய வடிவத்தின் வாரிசு. குடை மாதிரி மடக்கலாம், ஒரு கையில் தூக்கலாம். நடப்பதற்காக வந்த வண்டி அது. சின்னச் சக்கரம் ரோட்டு விரிசலிலோ, பாதாளச் சாக்கடை மூடியின் ஓரத்திலோ சிக்கினால் சட்டென நின்றுவிடும். ஓடுகிற வேகத்தில் அப்படி நின்றால் வண்டி குழந்தையோடு முன்பக்கம் கவிழும்.

ஓடுவதற்கான வண்டி அதற்கு 19 ஆண்டுகள் கழித்து வந்தது. 1984-ல் அமெரிக்காவின் யாக்கிமா நகரில் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்த ஃபில் பேக்லர், தன் குழந்தையையும் ஓட்டத்துக்கு அழைத்துப் போக விரும்பி, ஒரு ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். பெரிய சக்கரம், மூன்று கால் என்ற அந்த யோசனையே இன்றுவரை இந்த வண்டிகளின் அடிப்படை.

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. மூன்று சக்கரம் இருந்தாலே அது ஓடும் வண்டி ஆகிவிடாது. பெயரில் ‘ஜாகர்’ என்று போட்டுவிட்டு, கையேட்டில் ‘ஓடுவதற்கு அல்ல’ என்று எழுதியிருக்கும் மாடல்களும் உண்டு. வாங்கும் முன் கையேட்டைப் படித்துப் பாருங்கள். ஓடலாம் என்று தயாரிப்பாளரே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

பிறந்த குழந்தையை வைத்து நடக்கலாம், ஓடக் கூடாது. கழுத்து நிற்க வேண்டும், துணை இல்லாமல் உட்கார வேண்டும். ஓட்டத்தின் குலுக்கலைத் தாங்கத் தலையும் முதுகும் அப்போதுதான் தயாராகும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சம் 6 முதல் 8 மாதம் என்று குறிப்பிடுகிறார்கள். “பக்கத்து வீட்டுப் பையன் அஞ்சு மாசத்துலயே உட்கார்ந்துட்டான்” என்பதெல்லாம் கணக்கில் வராது. குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிட முடியாது. குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அம்மாவின் உடம்பும் முக்கியம். பிரசவத்துக்குப் பிறகு 3 மாதமாவது ஆகாமல் ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டாம் என்று 2019-ல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே ஓட வேண்டும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை என்னென்ன?

முன் சக்கரம்: இதுதான் முதல் சோதனை. நடக்கும்போது முன் சக்கரம் சுழன்று திரும்புவது வசதி. ஓடும்போது அது நேராகப் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் படபடவென ஆடி வண்டியை இழுத்துவிடும். கழற்றி மாட்டும் சக்கரம் என்றால் அது சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஓடும்போதே முன் சக்கரம் கழன்ற புகார்கள் குவிந்ததால், 2018-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் நடவடிக்கையே எடுத்தது.

டயர்: காற்றடைத்த பெரிய டயர் நல்லது. 12 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை வரும். பெரும்பாலும் பைக், கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான். பஞ்சர் கடையிலேயே காற்றடிக்கலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதைக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். அந்த அளவுக்கு மேல் அடித்தால் ட்யூப் வெடிக்கக்கூடும்.

பெல்ட்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே ஒன்று என ஐந்து முனைப் பெல்ட் கட்டாயம். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள வண்டியை ஓடுவதற்கு யோசிக்கவே வேண்டாம்.

மணிக்கட்டுப் பட்டை: கைப்பிடியிலிருந்து வரும் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். நீங்கள் தடுக்கி விழுந்தாலும் வண்டி தனியாக ரோட்டுக்குப் போகாது.

பிரேக்: நிறுத்தி வைக்கக் கால் பிரேக் எல்லா வண்டியிலும் இருக்கும். வேகத்தைக் குறைக்கக் கை பிரேக் சில மாடல்களில்தான் உண்டு. மேம்பாலச் சரிவு உள்ள வழியில் ஓடுபவர்களுக்குக் கை பிரேக் தேவைப்படும்.

சஸ்பென்ஷன்: பின் சக்கரங்களில் ஸ்பிரிங் இருந்தால் குலுக்கல் குறையும். ஆனால் பள்ளம் நிறைந்த ரோட்டை எந்த ஸ்பிரிங்கும் சமன் செய்துவிடாது.

கடையில் பார்க்க முடிந்தால், காலி வண்டியைத் தள்ளிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 9, 10 கிலோ. 10 கிலோ அரிசிப் பையை வைத்துப் பெல்ட் போட்டுத் தள்ளிப் பாருங்கள். நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, ஓடும்போது உங்கள் கால் பின் அச்சில் இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

லாரிப் புகையும் குழந்தையின் மூக்கும்

இனி ரோட்டுக்கு வருவோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. நின்றுகொண்டே இன்ஜின் ஓடும் லாரி, பெரியவர்களின் முழங்கால், இடுப்பு உயரத்தில்தான் அதிகம் புகையைத் தள்ளுகிறது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மூக்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

இதை ஆராய்ந்த இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகக் குழு 2018-ல் ஒரு கணக்கு சொன்னது. தள்ளுவண்டிக் குழந்தைகள் தரையிலிருந்து 0.55 முதல் 0.85 மீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறார்கள். பக்கத்தில் நடக்கும் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசு அவர்கள் மேல் படக்கூடும். குழந்தையின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று அப்பா நினைக்கலாம். குழந்தை சுவாசிக்கும் காற்று வேறு.

எனவே எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் விரைவுச் சாலை ஓரத்தில் குழந்தையோடு ஓட வேண்டாம். லாரியின் பக்கக் கண்ணாடியில் தாழ்வான வண்டி தெரியாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

கிளம்பும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியைப் பார்ப்பது பழக்கமாகட்டும். ராயபுரம், மணலி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. காற்றுத் தரக் குறியீடு 100 வரை என்றால் ‘நல்லது’, ‘திருப்தி’ என்ற வகைக்குள் வரும். 101-ஐத் தாண்டினாலே குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மூச்சு அசௌகரியம் வரலாம் என்று வாரியமே எச்சரிக்கிறது. அன்றைக்கு நீங்கள் தனியாக ஓடுங்கள், பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

செயலி காட்டுவது பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. திடீரென்று வரும் நெடியை அது உடனே காட்டாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பலர் மருத்துவமனைக்குப் போனதை இந்தப் பகுதி மறக்கவில்லை. கண் எரிந்தாலோ, நெடி வந்தாலோ ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று யோசிக்காமல் திரும்பிவிட வேண்டும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். திருவொற்றியூருக்கு மேற்கே மணலி தொழிற்சாலைகள். அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாட்களில் அந்தப் புகை திருவொற்றியூர் பக்கம் வரும். ‘விடியற்காலைக் காற்று சுத்தமானது’ என்ற பொதுவான நம்பிக்கை இங்கே எல்லா நாளும் பொருந்தாது.

அப்போ எங்கேதான் ஓடுறது?

கடல் பக்கத்திலேயே இருந்தும் வட சென்னைக்கு மெரினா மாதிரி ஒரு கடற்கரை இல்லை. இதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையோரம் மணல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1875-ல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கி, அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்தான் இன்று வழியெங்கும் தெரிகின்றன. பாறை மேல் தள்ளுவண்டி போகாது.

அதனால் இருக்கும் வழிகள் இவை. முதலாவது, பூங்கா. 1949-ல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராயபுரம் ராபின்சன் பூங்கா, அதாவது இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா போன்ற இடங்களில் லாரி இல்லை. சுற்று சிறியது, நடப்பவர்களும் அதிகம். வேகமாக ஓட முடியாது. மெதுவாகப் பல சுற்று வரலாம். முன்பே ஒருமுறை போய், வாசலில் வண்டி நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெரினா. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்துவிட்டது. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே காமராஜர் சாலைக்குப் போனால் அகலமான நடைபாதை கிடைக்கும். மெட்ரோவில் பெரிய சாமான்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், வண்டியோடு போகும் முன் நிலைய ஊழியரிடம் கேட்டுவிடுவது நல்லது. தினமும் முடியாது. ஞாயிறு காலை முடியும்.

மூன்றாவது, லாரி நுழையாத உள்தெரு. குழந்தை இல்லாமல் ஒருநாள் காலையில் அந்தத் தெருவில் ஓடிப் பாருங்கள். எத்தனை பள்ளம், எத்தனை ஸ்பீடு பிரேக்கர், எத்தனை நாய் என்று எண்ணிவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

வெயிலும் வீடும்

சென்னை வெயிலில் காலை 7 மணிக்கு மேல் குழந்தையோடு ஓடுவது சரியல்ல. ஓடுகிறவருக்குக் காற்று படும், கூரைக்குள் இருக்கும் குழந்தைக்கு அவ்வளவு படாது. வெயில் படுகிறதே என்று வண்டியைத் துணியால் மூடுவது இன்னும் மோசம். காய்ந்த மெல்லிய துணியால் மூடினாலே உள்ளே வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடுகிறது என்று 2023-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பிளாஸ்டிக் உறை மழைக்கு மட்டும்தான். 10 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

அடுத்து வீடு. இந்த வண்டிகள் 10 கிலோவுக்கு மேல் எடை வரும், அகலம் 60 முதல் 70 செ.மீ. இருக்கும். மடக்கினாலும் பெரிதுதான், ஷேர் ஆட்டோவில் ஏறாது. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடிக்கு ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வண்டி என்று தினமும் ஏற முடியுமா? வாங்கும் முன் படிக்கட்டையும் மாடிப் படியின் அடியில் உள்ள இடத்தையும் அளந்து பாருங்கள். கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டமாகப் பார்த்து வாங்கி, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட வேண்டும்.

பல பத்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டிய பொருள் இது. வாரத்தில் ஒருநாள்கூட ஓட இடம் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே சரியான முடிவு. பூங்காவில் பாட்டியோ அப்பாவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அம்மா அரை மணி நேரம் ஓடிவிட்டு வரலாம். பிறகு ஆளை மாற்றிக்கொள்ளலாம். செலவில்லாத ஏற்பாடு.

காசு கொடுத்து வாங்க முடியாதது நடைபாதைதான். குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகல நடைபாதை வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிமுறை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. ஒரு தள்ளுவண்டி தடையில்லாமல் போகும் நடைபாதையில் சக்கர நாற்காலியும் போகும், கைத்தடி ஊன்றும் தாத்தாவும் நடப்பார். உங்கள் தெருவில் நடைபாதை உடைந்திருந்தால், கடை அடைத்திருந்தால், மூடி திறந்து கிடந்தால் 1913-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வாரமே மறுபடி கேளுங்கள்.