நஞ்சுமருந்தினால் நேரும் நோய்க்கு நட்டஈடு பெறுதல்

மலைநாட்டிலே பனியும் ஈரமும் மிகுதியாதலின், உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா முதலிய பயிர்களைப் பூசணநோய் எளிதிற் பற்றுகின்றது. மழை சற்று ஓய்ந்தவுடனே மருந்து தெளிக்கவேண்டியிருக்கிறது. தேயிலை மலைகளிலோ புல்லுக்கு மருந்தடித்தல் வழக்கமான வேலையாகும். நுவரெலியா, கந்தப்பளை, அட்டன் ஆகிய பகுதிகளிலே காலையில் தோட்டத்தில் வேலைசெய்தவர், மாலையில் அயலிலுள்ள மரக்கறித் தோட்டத்திற் கைக்காசுக்கு மருந்தடிப்பதும் உண்டு. அத்தகையோர் நோயுற்றால் நட்டஈடு பெறும் வழியைத் தொழிலாளர் மாத்திரமன்றிக் கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். கூலிக்கு ஆளமர்த்தும் கமக்காரர், சட்டத்தின்முன் தோட்டக் கம்பனியைப் போலவே ஒரு தொழில்கொள்வோர் ஆவர்.

இதற்குரிய சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். வேலை காரணமாக வேலைநேரத்தில் நேர்ந்த விபத்தினால் ஒருவர் உடல்நலம் இழப்பின், தொழில்கொள்வோர் தவறிழைத்தார் என்று நிறுவாமலே நட்டஈடு கோரலாம். 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் உச்சத் தொகை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. எல்லோருக்கும் அத்தொகை கிடைக்குமென எண்ணலாகாது. சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் பொறுத்தே தொகை கணிக்கப்படும்.

நஞ்சினால் வரும் நோய் இருவகைப்படும். திடீரென வருவது ஒன்று. ஒகனோபொசுபேற்று வகைப் பூச்சிநாசினிகள் தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்சென்று, நரம்புகளின் ஒழுங்கான இயக்கத்துக்கு வேண்டிய கொலினெஸ்தரேசு என்னும் நொதியத்தை முடக்குகின்றன. சில மணி நேரத்துள் வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். மற்றையது பல ஆண்டுகள் சென்றபின் மெல்ல வெளிப்படும் நோய். அதற்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை நிறுவுதல் மிகக் கடினம். ஆதலின், திடீர் நோயையேனும் நேர்ந்த அன்றே முறையாகப் பதிவுசெய்துகொள்ளல் இன்றியமையாதது.

பலர் தவறுவது இவ்விடத்திலேதான். மருந்தடித்தவருக்கு நண்பகலில் தலைசுற்றி வாந்தி வருகின்றது. முகங்கழுவி, வெறுந்தேநீர் குடித்து, லயத்திற் படுத்துக்கொள்கிறார். மறுநாள் தோட்டத்து மருந்துச்சாலையிற் காய்ச்சலென்று சொல்லி மாத்திரை வாங்குகிறார். மூன்று மாதம் கழித்து நட்டஈடு கேட்க முனையும்போது கையில் ஒரு சான்றும் இராது. முடங்கிய நொதியத்தின் அளவை இரத்தப் பரிசோதனை காட்டும். ஆனால் காலஞ்செல்ல அவ்வளவு மீண்டும் பழைய நிலையை அடைந்துவிடும்.

இன்னுமோர் இடர் உண்டு. 1982 இல் வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பீடைநாசினி நஞ்சினால் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் தாமே அருந்தியவர்கள். ஆதலால் மருந்து வாடையுடன் வருபவரைக் கண்டதும் வைத்தியருக்கும் அந்த ஐயமே முதலில் எழலாம். ‘நஞ்சருந்தினார்’ என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிடின் பின்னர் வழக்கு நிலைப்பது அரிது. எந்த மலையில், எத்தனை மணிக்கு, யார் ஏவ, எந்த மருந்தைத் தெளித்தார் என்பதை நோயாளியோ உடன்சென்றவரோ தெளிவாகச் சொல்லி, அதனை எழுதும்படி வேண்டிக்கொள்ளல் வேண்டும்.

மருந்தின் பெயரை அறிதலும் எளிதன்று. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவுபெற்ற மருந்தின் கொள்கலத்தில் பெயர்ச்சீட்டு இருத்தல் வேண்டும். எனினும் களஞ்சியத்தில் வாளியிற் கலந்து கொடுத்தாலோ, பழைய சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாலோ, தெளிப்பவர் அச்சீட்டைக் காண்பதேயில்லை. நோய் கண்டவுடன் நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவி, நோயாளியைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கொள்கலத்தின் சீட்டையும் உடன் கொண்டுசெல்க. சிகிச்சைக்கும் அது பயன்படும்.

கையுறையும் முகமூடியும் கொடுத்திருந்தும் தொழிலாளி வேண்டுமென்றே அணிய மறுத்தாரெனின், அதனைக் காட்டித் தொழில்கொள்வோர் பொறுப்பை மறுக்கக்கூடும். மரணம் நேர்ந்தவிடத்து அம்மறுப்புச் செல்லாது. கொடாமலே கொடுத்ததாகக் கையொப்பம் வாங்குதலும் நடவாத காரியமன்று. படியாத பதிவேட்டிற் கையொப்பமிடலாகாது. சிறுதொகையைக் கையிற் கொடுத்து, இனி உரிமை இல்லையென எழுதி வாங்கிய தாள் சட்டத்தின்முன் மதிப்பற்றது.

மெல்ல வரும் நோய்க்கும் நட்டஈடு பெற்றோர் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுக்குரிய முந்திரித் தோட்டங்களின்மேல் வானூர்தியிலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் என்டோசல்பான் தெளிக்கப்பட்டது. இலங்கையில் 1998 இல் தடைசெய்யப்பட்ட மருந்தே அது. ஊரார் பலர் நோயுற்றனர். மருத்துவ முகாம்களில் அவர்கள் பரிசோதிக்கப்பட்டுப் பட்டியலிடப்பட்டனர். 5,000 இற்கு மேற்பட்டோருக்குத் தலைக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபா வழங்குமாறு 2017 சனவரியில் இந்திய உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. எனினும் அது பெரும்பாலானோர் கையை அடையவில்லையென 2022 இல் அந்நீதிமன்றமே கண்டித்தது.

தன் நிலத்தில் தானே மருந்தடித்து நோயுறும் கமக்காரருக்கு மேற்கூறிய கட்டளைச் சட்டம் உதவாது. அவருக்குத் தொழில்கொள்வோர் இல்லை. இது பெருங்குறையே. கூலிக்கு அடித்தவர், நேர்ந்ததைத் தொழில்கொள்வோருக்கு இயன்றவரை விரைவில் அறிவித்தல் வேண்டும். எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளல் நன்று. விண்ணப்பத்தை வைத்தியசாலைத் துண்டு, சம்பளத் துண்டு ஆகியவற்றுடன் 2 ஆண்டுகளுக்குள் கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்புதல் வேண்டும். எழுதத் தெரியாதவர் தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தையோ, அண்மையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தையோ நாடலாம்.