பாக்கெட்டில் பேனாக்கத்தி... கோம்பை மலைக்குக் கொண்டுபோகலாமா? சட்டம் சொல்வது என்ன?

சனிக்கிழமை காலை. பையில் தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ரெயின்கோட். கூடவே ஆன்லைனில் வாங்கிய ஒரு குட்டி மடக்குக் கத்தி. ஐப்பசி மழையில் பச்சை பிடித்துக் கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்க, தேனி மாவட்டம் கோம்பைக்கு பஸ் ஏறியாச்சு. நாட்டு நாய் இனத்துக்குப் பெயர்போன அதே கோம்பைதான்.

பையில் இருக்கிற அந்தக் கத்தி ஊருக்குள் வெறும் பழம் நறுக்கும் சாமான். ஆனால் சில இடங்களில் அதே கத்திக்கு சட்டம் வைத்திருக்கும் பெயர் 'ஆயுதம்'. எங்கே, ஏன்?

எந்தக் கத்தி நல்லது?

தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் சாமான்களை 'எவ்ரிடே கேரி' என்கிறார்கள். இதில் உலகம் முழுக்கப் பிரபலமானது ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884-ல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறை அது. 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்று நாம் சொல்லும் மாடலுக்கு 1897-ல் பதிவு கிடைத்தது. இதன் 'கிளாசிக்' மாடல் மடக்கினால் 58 மில்லிமீட்டர்தான். சாவிக்கொத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். கத்தரிக்கோல், முள் எடுக்கும் சிமிட்டா, பல் குச்சி எல்லாம் அதிலேயே இருக்கும்.

கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்பவர்களின் சாய்ஸ், மரப்பிடி போட்ட பிரான்ஸ் நாட்டு ஒபினெல். இதன் 8-ம் நம்பர் மாடலில் பிளேடு 8.5 செ.மீ. பிடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் பிளேடு லாக் ஆகிவிடும், விரல் மேல் மடங்காது. கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என இரண்டு வகையிலும் கிடைக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கார்பன் ஸ்டீல் கறுத்துத் துருப்பிடிக்கும். மழைக்கால நடைக்கு ஸ்டெயின்லெஸ்தான் நிம்மதி.

ஒருநாள் நடைக்கு 5 முதல் 7 செ.மீ. பிளேடு தாராளம். கொய்யா நறுக்க, கயிறு வெட்ட, பிளாஸ்திரி கத்தரிக்க அது போதும். பட்டனைத் தட்டினால் 'சடக்'கென்று திறக்கும் கத்திகளைத் தவிர்த்துவிடுங்கள். டெல்லியில் 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும், 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் உள்ள பட்டன் கத்திகளுக்கு 1980-லேயே அறிவிக்கை மூலம் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள்.

ஊருக்குள் வைத்திருந்தால் குற்றமா?

2016 ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் அரிவாளோடு தோட்டத்துக்குப் போவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லையே, அதுபோலத்தான். பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அதைக் காட்டி யாரையாவது மிரட்டினால் கதையே வேறு. சின்னக் கத்தி என்ற சமாதானம் அங்கே எடுபடாது. விமானத்தில் போகிறீர்கள் என்றால் கைப்பையில் வேண்டாம், செக்-இன் லக்கேஜில் போட்டுவிடுங்கள்.

காட்டுக்குள் ஏன் ஆயுதம் ஆகிறது?

வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, வில் அம்பு, விஷம், கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. இத்தனை அங்குலம் என்ற கணக்கே அதில் இல்லை. பிரிவு 31-ன்படி, எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வேட்டைக்காரர் கண்ணி வைக்கப் பயன்படுத்துவதும் கத்திதான், நீங்கள் ஆரஞ்சு உரிக்கப் பயன்படுத்துவதும் கத்திதான். சோதனைச்சாவடியில் நிற்பவருக்கு உங்கள் மனசில் இருப்பது தெரியாது. அதனால்தான் சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே பொருளைப் பார்க்கிறது.

கோம்பையிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்தால் மேகமலை. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அது. அங்கே இந்த விதியை மறக்கவே கூடாது.

சரி, கோம்பைக்கு மேற்கே உள்ள மலையில் ஏறலாமா? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். 2018 மார்ச் 11-ல் இதே மாவட்டத்தின் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை அரசு தொடங்கியது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போய் வரலாம்.

பாம்பு கடித்தால் கத்தி உதவுமா?

உதவாது. கடித்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது சினிமாவில் மட்டும்தான் சரிப்படும். நிஜத்தில் ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும்தான் மிஞ்சும். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போவதே வழி. அட்டை கடித்தாலும் கத்தி வேண்டாம். விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விழுந்துவிடும்.

அப்போ என்னதான் செய்வது?

தோட்டத்துப் பாதை, ஊர் எல்லை, தங்கும் அறை வரை சின்னக் கத்தி தாராளமாக இருக்கட்டும். வனப்பகுதிக்கு முன்பதிவு செய்யும்போதே, கத்தி கொண்டுவரலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அறையிலேயே விட்டுவிட்டு, பழத்தை முதல்நாளே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே கொண்டுபோய்விட்டீர்களா? சோதனைச்சாவடியில் மறைக்காமல் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். பைக்குள்ளிருந்து அவர்கள் கண்டெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.