நிலக்கிளியும் கொம்பன் யானையும்

“யானை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது யாது?” என அண்மையில் என் வகுப்பு மாணவரிடம் வினவினேன். கைபேசியிற் கண்ட குட்டியானையின் விளையாட்டைச் சிலர் கூறினர். திரைப்படக் கதாநாயகனுக்குத் துணைநின்ற யானையைச் சிலர் கூறினர். பின்வரிசை மாணவன் ஒருவன் மட்டும், “எங்கள் வாழைத்தோட்டம்” என்றான். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. ஓரிரவிலே தோட்டத்தை இழந்த குடும்பம் அவனுடையது.

இயற்கையைப் பற்றிய எண்ணங்களைப் பொதுமக்கள் ஆராய்ச்சி நூல்களிலிருந்து பெறுவது அரிது. பாட்டும் கூத்தும் கதையும் திரையுமே அவர்களுக்கு ஆசிரியர்கள். ஆதலின், வன்னி மக்களின் கலைகள் காட்டையும் குளத்தையும் பற்றி என்ன கூறின என்பதை நினைந்து பார்த்தல் தகும்.

வன்னியிலே வழங்கிய பழம் பாடல்களுள் ‘வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரில் ஒப்பாரி’ என்பது ஒன்று. மதங்கொண்ட கொம்பன் யானையை ஒரு பெண் அடக்கிக் கட்டிய கதை அது. அக்கதையை அருணா செல்லத்துரை அவர்கள் ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னுங் கூத்தாக ஆக்கினார். அரியாத்தை யானையைக் கொல்லவில்லை, அடக்கினாள். ஈற்றில் அவள் மாண்டதும் யானையால் அன்று, மனிதர் வஞ்சனையால். ‘பன்றிப்பள்ளு’, ‘குருவிப்பள்ளு’ என்பனவும் இம்மண்ணுக்குரியவை. வயலுக்கு வரும் பன்றியையும் கதிருக்கு வரும் குருவியையும் பாட்டுக்குரிய பொருளாக்கியவன் அவற்றோடு நாள்தோறும் போராடிய உழவனே.

அச்சேறிய கதைகளுள் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தனியிடம் பெறுவது. தண்ணீரூற்றைச் சேர்ந்த இவ்வாசிரியர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாக்கி எழுதிய இந்நாவலை, வீரகேசரிப் பிரசுரம் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்டது. சாகித்திய மண்டலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. உயரப் பறவாது தரையை அண்டி வாழும் நிலக்கிளியே கதாநாயகி பதஞ்சலிக்கு உவமை. அவள் கணவன் கதிராமன் காட்டை வெட்டிக் கழனியாக்குபவன், வேட்டையும் அறிந்தவன். கோடரி ஏந்திய அவனே காட்டை நன்கறிந்தவனுமாவான். தண்ணிமுறிப்பு மக்கள் 1984 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். அதன்பின் அவ்வூரின் பழைய வாழ்வைப் பலர் கண்டது அந்நூலின் ஏடுகளிலேதான்.

இவை யாவும் உணர்த்துவது யாது? காட்டைத் தெய்வமாக்கித் தொலைவில் நின்று தொழுவதும் அன்று. பகையாக்கி அழிப்பதும் அன்று. அளவறிந்து அதனோடு வாழ்வதே வன்னியின் சிந்தனை. குளத்தைப் பாருங்கள். மேற்குளத்தில் மிகும் நீர் கீழ்க்குளத்துக்குச் செல்லும்படி தொடர்தொடராக அமைத்தனர் முன்னோர். கட்டு, துருசு, வான், அலைகரை என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டனர். கட்டருகே ஐயனாரையோ பிள்ளையாரையோ இருத்தினர். தெய்வத்துக்கு அஞ்சியவன் கட்டை வெட்டவும் அஞ்சினான். இலங்கையின் இக்குளத்தொடர் முறையை உலக உணவு, விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. அடுத்த ஆண்டு டிசெம்பரிலே இரணைமடுக்குளம் பெருக்கெடுத்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. நீர் செல்லும் வழியை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை அன்று யாவரும் உணர்ந்தோம்.

இன்றைய திரையோ இரண்டு யானைகளையே காட்டுகின்றது. ஒன்று கொஞ்சுதற்குரியது, மற்றொன்று கொலைகாரன். இலங்கையில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதரும் மாண்டமை நாடறிந்தது. யானைக்கு இரங்குவோர் வாழைத்தோட்டக்காரனை மறக்கின்றனர்; தோட்டக்காரனுக்கு இரங்குவோர் யானையின் வழி மறிக்கப்பட்டதை மறக்கின்றனர். இருவர் துயரையும் ஒருங்கே கூறுங் கதைதான் இன்று வேண்டப்படுவது. அத்தகைய கதைக்கு வேண்டிய முன்மாதிரி நம் பாட்டன் பாட்டியரிடமே உள்ளது. ஆனால், போரும் இடப்பெயர்வும் அவர்களைச் சிதறடித்தன. எஞ்சியோரும் முதுமையடைந்துவிட்டனர்.

மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோர் அருகே ஒரு மாலைப்பொழுது அமருங்கள். ஊர்க்குளத்தின் வான் எங்கே பாய்கிறது, அருவிவெட்டும்போது எப்பாட்டைப் பாடினர், காட்டிலே எப்பறவை எப்பெயர் பெற்றது என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், கைபேசி இருந்தால் அவர்கள் குரலையே பதிவுசெய்யுங்கள். விளையாட்டைக் காட்டும் அக்கருவி வித்தையையுங் காக்கட்டும்.

அன்று சிரிக்காத மாணவனிடம் அவன் பாட்டனார் கதையை எழுதிவரும்படி கூறியுள்ளேன். அதனை வகுப்பிலே அவனே படிப்பான். இம்முறை எவரும் சிரிக்கமாட்டார் என நம்புகிறேன்.